பதினான்காம் வரி

ஒரு சொல்லின் வடிவம் அப்படியே நிற்க, அதன் பொருள் காலப்போக்கில் வேறுபடுவதை மொழியியலார் பொருள் மாற்றம் என்பர். மலேசியத் தேசியக் கொடியின் வரலாற்றிலும் அத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்துள்ளது.

மலாயாக் கூட்டரசுக்குரிய கொடியைத் தெரிவு செய்ய 1949ஆம் ஆண்டில் போட்டி நடத்தப்பட்டது. வந்து சேர்ந்த 373 வடிவங்களுள், ஜொகூர் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய முகமது ஹம்சாவின் வடிவம் சில திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது. 1950 மே 26ஆம் நாள் கோலாலம்பூரில் அக்கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதன் 11 வரிகளும் விண்மீனின் 11 முனைகளும் கூட்டரசின் 11 உறுப்புகளைக் குறித்தன.

1963 செப்டம்பர் 16ஆம் நாள் சபா, சரவாக், சிங்கப்பூர் ஆகியன இணைந்து மலேசியா தோன்றியபோது, அவ்வெண்ணிக்கை 14 ஆயிற்று. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்தது. ஆயினும் கொடியில் ஒரு வரியும் குறைக்கப்படவில்லை. 13 மாநிலங்களுடன் மத்திய அரசாங்கத்தையும் சேர்த்தே இன்று அப்பதினான்கிற்குப் பொருள் கொள்கிறோம்.

1997ஆம் ஆண்டு விடுதலை நாளில் இக்கொடிக்கு ‘ஜாலூர் கெமிலாங்’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. ‘ஜாலூர்’ என்பது வரி. ‘கெமிலாங்’ என்பது புகழொளி. தமிழில் ‘வரி’ என்னும் சொல் கோட்டையும் எழுத்தின் வரிசையையும் குறிக்கும். ஆதலின், ஆகஸ்டு மாதத்தில் கொடியை வரையும் மாணவரிடம் வரிகளை எண்ணச் சொல்வதோடு ஆசிரியர் அமைதல் வேண்டா. பதினான்காம் வரி முன்பு எதைக் குறித்தது, இன்று எதைக் குறிக்கிறது என்றும் வினவுக. அவ்வினாவிலிருந்தே நாட்டு வரலாறு அவர்களுக்குத் தொடங்கும்.