பெயர் பொறித்த கற்களும் பெயரற்ற மக்களும்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைக் கடந்து சென்றால், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பழவேற்காடு. ஒருபுறம் ஏரி; மறுபுறம் கடல்; இடையே மணல்மேடும் மீனவர் குப்பங்களும். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி இதுவே. விடுமுறை நாட்களில் அங்கே செல்வோர் பலர். பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கிறார்கள், இறால் வாங்குகிறார்கள், பொழுது சாயும் முன் திரும்பிவிடுகிறார்கள். செல்லட்டும், நன்று. ஆனால், ஏன், எதற்கு என்று கேட்கப் பழகிய இளைஞர் அவ்வூருக்குச் செல்லும்போது, கண்ணோடு கருத்தையும் உடன் கொண்டு செல்லல் வேண்டும். அங்கே காணக் கிடைப்பவை சில. காணாமற் போனவையோ பல!

முதலில் எதைக் காண்பது? டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைக் காண்போம். அதன் வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பேய் என்று அஞ்ச வேண்டியதில்லை. நிலையாமையை நினைவூட்ட ஐரோப்பியர் அந்நாளில் கையாண்ட சிற்ப வழக்கம் அது. உள்ளே 17, 18 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த 76 கல்லறைகள். இந்தியத் தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாக்கிறது. இன்னார், இன்ன பதவி வகித்தார், இன்ன நாளில் மறைந்தார் என்று ஒவ்வொரு கல்லும் கூறுகிறது. எழுத்தின் அழகும் குடும்பச் சின்னங்களின் நுட்பமும் வியக்கத்தக்கவை. வியப்போம். மாண்டவரிடம் நமக்குப் பகையில்லை.

அடுத்து, அவர்கள் கட்டிய கோட்டையைத் தேடுவோம். தேடத்தான் வேண்டும், ஏனெனில் புதர் மண்டிய மேடும் அகழியின் தடமுமே இன்று எஞ்சியுள்ளன. 1610 இல் விசயநகர மன்னர் வேங்கடபதியிடம் இசைவு பெற்று டச்சுக்காரர் இங்கே வாணிகக் கிடங்கு வைத்தனர். அவர்களுக்கு முன்பே இக்கரையில் காலூன்றியிருந்த போர்த்துகீசியர் அதனைப் பொறுப்பரோ? 1612 இல் தாக்கி அழித்தனர். 1613 இல் கெல்திரியா என்னும் கோட்டை எழுந்தது. 1690 இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழ மண்டலக் கரையில் டச்சு வாணிகத்தின் தலைநகரமாய் விளங்கிற்று பழவேற்காடு. பின்னர் ஆங்கிலேயர் கை ஓங்கியது. 1806 இல் கோட்டையை அவர்கள் இடித்தனர். 1825 இல் ஊரும் முற்றாக அவர்கள் வசமாயிற்று. கோட்டை போய்விட்டது, அதன் பெயரைத் தாங்கிய கோட்டைக்குப்பம் மட்டும் இருக்கிறது!

கடல் கடந்து அவர்கள் நாடி வந்தது எதனை? பொன்னையா, முத்தையா? முதன்மையாக நாடியது துணியை! கிழக்கே மலுக்குத் தீவுகளில் கிராம்பு விளைந்தது. பாந்தா தீவுகளில் சாதிக்காய் விளைந்தது. அத்தீவு மக்கள் விரும்பிய பண்டம் தமிழக, ஆந்திரக் கரைகளில் நெய்யப்பட்ட துணி. துணியைக் கொடுத்து நறுமணப் பொருளை வாங்கி, அதனை ஐரோப்பாவில் பன்மடங்கு விலைக்கு விற்பது டச்சுக் கம்பெனியின் கணக்கு. மலாய் நாட்டில் கட்டமிட்ட கைலியை இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான்! ஊரின் பெயர் துணியில் ஏறிக் கடல் கடந்து நிலைத்தது. நெய்தவன் பெயர்? எந்தக் கல்லிலும் இல்லை.

துணி மட்டுமா கப்பலேறியது? இல்லை, தோழர்களே! மனிதரும் ஏற்றப்பட்டனர்.

1621 இல் பாந்தா தீவுகளை டச்சுக் கம்பெனி படைகொண்டு கைப்பற்றியது. அத்தீவு மக்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டனர், துரத்தப்பட்டனர், பட்டினியால் மடிந்தனர். தோட்டம் இருந்தது, உழைக்க ஆள் இல்லை. பட்டேவியா என்று அவர்கள் பெயரிட்ட, இன்றைய ஜகார்த்தா நகருக்கும் ஆள் தேவைப்பட்டது. அதே வேளையில் நம் கரையில் பஞ்சம்! 1622, 1623 ஆகிய ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் அடிமைகளாக அனுப்பப்பட்டனர். கையில் பணம் மட்டும் இருந்திருந்தால் மேலும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அலுவலர்கள் குறைப்பட்டுக் கொண்டனர்! மீண்டும் 1659 முதல் 1661 வரை, தஞ்சை நாடு படையெடுப்பால் பாழாகி மக்கள் பசியில் துடித்தபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் 8,000 முதல் 10,000 பேர் வரை விலைக்கு வாங்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர்.

அவர்களும் ஒரு தாய் பெற்ற மக்கள்தாமே? அவர்களுக்கும் பெயர் இருந்திருக்கும் அன்றோ? ஆயினும் எலும்புக்கூடுகள் காக்கும் அந்தத் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. வணிகன் பெயருக்குக் கல். வாங்கப்பட்டவனுக்கு வெறும் எண்ணிக்கை!

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். டச்சுக்காரன் ஊருக்குள் புகுந்து வலைவீசியா மனிதரைப் பிடித்தான்? பெரும்பாலும் அவன் வாங்கினான். வாங்குவதற்கு ஒருவன் இருந்தால், விற்பதற்கும் ஒருவன் இருந்திருக்கத்தானே வேண்டும்! பசி விற்றது, கடன் விற்றது, போர் விற்றது, இடைத்தரகன் விற்றான். மனிதனை விலைப்பொருளாக எண்ணும் வழக்கம் கப்பலில் வந்து இறங்கியதன்று. கம்பெனி தோன்றுவதற்கு நானூறு ஆண்டுகள் முன்பே, 1201 ஆம் ஆண்டில், திருப்பாம்புரத்தில் பஞ்சம் தாங்க மாட்டாத ஒருவர், தம் இரு பெண் மக்களோடு 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைச் சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது. நிலத்தோடு சேர்த்து உழவனையும் கைமாற்றிய சாதி முறையும் இம்மண்ணில் இருந்தது. பழைய பெருமைகளைப் பேசும் நாவு இதனையும் பேச வேண்டும். அன்னியன் கொடுமையை மட்டும் கூறி நம் வீட்டுக் கொடுமையை மறைப்பது வரலாறு ஆகாது.

ஊருக்குள் காண வேண்டியவை இன்னும் உண்டு. விசயநகர் காலத்துச் சிற்பங்களோடு ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. 1515 இல் போர்த்துகீசியரால் தொடங்கப்பட்ட மாதா கோயில், இன்று புதுக் கட்டடமாய் நிற்கிறது. பள்ளிவாசலில் நிழலைக் கொண்டு நேரம் காட்டும் கடிகாரம் ஒன்று உண்டு; கதிரவனின் ஓட்டத்தை மனித அறிவு அளந்த அழகை மாணவர்க்குக் காட்ட அதனினும் நல்ல பாடம் ஏது? பனையோலையில் பெண்கள் முடையும் கூடைகளையும் பெட்டிகளையும் காணலாம். பேரம் பேசி விலையைக் குறைக்காமல் ஒன்று வாங்கி வாருங்கள். படகேறும் ஆசை வந்தால், 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை நினைவிற் கொள்ளுங்கள்.

பின்னர் குப்பங்களுக்குச் செல்வோம். ஏரியில் மீன்பிடிக்கப் ‘பாடு’ என்னும் முறை ஒன்று வழங்குகிறது. நல்ல மீன் கிடைக்கும் இடம் வலியவனுக்கே என்று விடாமல், ஊரார் முறைவைத்து இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. அரசன் ஆணையிட்டானா? இல்லை. உழைப்பவர் தாமே கூடி வகுத்த ஒழுங்கு! போற்றத்தக்கது. ஆனால் அந்த முறையில் இடம் யாருக்கு? குறிப்பிட்ட சில குப்பங்களில், குறிப்பிட்ட குலத்தில் பிறந்த தலைக்கட்டுகளுக்கே. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்குப் பாடு இல்லை. பங்கிட்டு உண்ணும் பண்பு கண்டோம். பிறப்பு அங்கே வேலி போட்டிருப்பதையும் கண்டோம். வேலியை மட்டும் அகற்றி, பண்பைக் காத்தல் இயலாதா? இயலும் என்றே நாம் நம்புகிறோம். அதனை அக்குப்பத்து இளைஞரே முன்னின்று செய்தல் வேண்டும்.

அடிமை வாணிகம் பழங்கதை என்று சிலர் கூறுவர். 1843 இல் இந்தியாவிலும், 1860 இல் டச்சுக் கீழ்த்திசைத் தீவுகளிலும் சட்டம் அடிமைமுறையை ஒழித்தது, உண்மை. ஆனால் 1976 இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் என்று மற்றொன்று ஏன் தேவைப்பட்டது? அதற்குப் பின்னரும், இதே திருவள்ளூர் வட்டாரத்தின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கற் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகள் ஏன் வந்தன? முன்பணம் என்ற பெயரில் சிறு கடன். அதை அடைக்க முடியாத கூலி. வெளியேற முடியாத வாயில். கப்பல் இல்லை, கடன் இருக்கிறது. பசியும் கடனும் பிறப்பும் ஒன்று சேரும் இடத்தில் எல்லாம் பழவேற்காட்டுத் துறை மீண்டும் திறக்கிறது.

நெதர்லாந்து நாட்டின் தலைமை அமைச்சர் மார்க் ருட்டே, அடிமை வாணிகத்துக்காக 2022 டிசம்பர் 19 அன்று மன்னிப்புக் கோரினார். 2023 ஜூலை 1 அன்று மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் கோரினார். காலம் கடந்தது எனினும் வரவேற்கத்தக்கது. வாங்கியவன் வழிவந்தோர் தலை குனிந்துவிட்டனர். விற்றவன் வழிவந்தோர் என்ன செய்யப் போகிறோம்?

பள்ளியில் வரலாறு கற்பிக்கும் நாம் ஒன்றை முன்மொழிகிறோம். பழவேற்காட்டில், கடலை நோக்கி, ஒரு கல் நிறுத்தப்படல் வேண்டும். பெரிய மண்டபம் வேண்டா, சிலை வேண்டா. 1622, 1623 ஆம் ஆண்டுகளில் இக்கரைத் துறைகளிலிருந்து கப்பலேற்றப்பட்ட 1,900 பேரின் நினைவாக என்று தமிழில் நான்கு வரி போதும். அக்கல் எழும் வரையில், அங்கே மாணவரை அழைத்துச் செல்லும் ஒவ்வோர் ஆசிரியரும், கல்லறைத் தோட்டத்தைக் காட்டிய பின், கடற்கரைக்கு அழைத்துச் சென்று அந்த எண்ணிக்கையைச் சொல்லட்டும். திரும்பி வரும் வழியில் உள்ள சூளைகளையும் ஆலைகளையும் மாணவர் தாமாகவே கேள்வியோடு பார்ப்பர்.