சாம்பல் குத்தகையும் மறுசுழற்சி ஒப்பந்தமும்

இங்கிலாந்தில் வீட்டுக் கழிவைத் திரட்டிப் பிரிக்கும் பொறுப்பைத் தனியாரிடம் ஒப்படைக்கும் வழக்கம் அண்மைக் காலத் தனியார்மயக் கொள்கையோடு பிறந்ததன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அது லண்டனில் வேரூன்றியிருந்தது. அதன் வரலாற்றை விளங்கிக்கொள்ளத் தமிழில் தெளிவாக வேறுபட்டு நிற்கும் இரண்டு சொற்கள் துணைபுரிகின்றன. ஒரு பொருளின் பலனை அனுபவிக்கும் உரிமைக்காக எடுப்பவரே பணம் கட்டுவது குத்தகை. ஒரு வேலையைச் செய்துமுடிப்பவருக்குப் பணம் கொடுப்பது ஒப்பந்தம். ஊர்ப் புளியமரத்தை எடுப்பவர் குத்தகைதாரர். சாலை போடுபவர் ஒப்பந்ததாரர். லண்டனின் குப்பை முதலில் புளியமரமாக இருந்து, பின்னர் சாலைப் பணியாக மாறியது.

அக்கால லண்டன் வீடுகளில் நிலக்கரியே அடுப்பெரித்துக் குளிரையும் போக்கியதால், கழிவில் பெரும்பகுதி சாம்பலும் பாதி எரிந்த கரித்துண்டுகளுமாக இருந்தது. 'டஸ்ட்' என்ற சொல் அச்சாம்பலையே குறித்தது; அதை அள்ளியவர் 'டஸ்ட்மேன்' ஆனார்; குப்பைத்தொட்டிக்கு இன்றும் வழங்கும் 'டஸ்ட்பின்' என்ற பெயரும் அதன் எச்சமே. நகரம் விரைந்து வளர்ந்த அந்நாளில் செங்கல் சூளைகள் இச்சாம்பலை விரும்பி வாங்கின. நுண்சாம்பல் களிமண்ணோடு கலக்கப்பட்டது, 'பிரீஸ்' எனப்பட்ட கரித்துண்டு செங்கல்லைச் சுட எரிபொருளாயிற்று. பழைய லண்டன் வீடுகளின் மஞ்சள் செங்கற்களுக்குள் அந்நகர வீடுகளின் அடுப்புச் சாம்பல் அடங்கியிருக்கிறது என்பது மிகையன்று. இதனால், தேவாலய வட்டத்தை அடிப்படையாகக் கொண்ட உள்ளாட்சிப் பிரிவுகளான 'பாரிஷ்'கள் சாம்பல் அள்ளும் உரிமையைக் குத்தகைக்கு விட்டன. குத்தகைதாரர்கள் போட்டியிட்டுப் பணம் கட்டினர்.

அள்ளப்பட்டவை 'டஸ்ட் யார்டு' என்னும் குப்பை முற்றங்களில் மலையாகக் குவிக்கப்பட்டன. 1850களை ஒட்டி லண்டன் உழைப்பாளரின் வாழ்வை நேரில் கண்டு பதிவுசெய்த ஹென்றி மேஹ்யூ, தோல் முன்னாடை அணிந்த பெண்கள் குப்பைக்குள் பாதி புதைந்தவாறு இரும்புச் சல்லடையில் சாம்பலைச் சலித்ததை விவரிக்கிறார். எலும்பு, கந்தல், உலோகம் ஆகியவை தனித்தனியே பிரிக்கப்பட்டு விற்பனைக்குச் சென்றன. உடைந்த செங்கலும் சிப்பி ஓடும் கட்டட அடித்தளத்துக்கும் சாலைக்கும் பயன்பட்டன. பழைய காலணிகள்கூடப் 'பிரஷ்ய நீலம்' என்ற நிறமியைத் தயாரிப்போரால் வாங்கப்பட்டன. ஏறத்தாழ எதுவும் வீணாகாத அந்த முற்றமே இன்றைய மறுசுழற்சி மையத்தின் மூதாதை எனலாம். ஆனால் அதன் செல்வம் குத்தகைதாரரிடம் சேர்ந்தது, புழுதி மட்டும் சலித்த பெண்களிடம் தங்கியது.

இந்தக் குத்தகையின் ஆயுள் செங்கல்லின் விலையைப் பொறுத்தே இருந்தது. சாம்பலின் மதிப்பு குறைந்தபோது பணத்தின் திசை மாறியது. முன்பு பணம் பெற்ற பாரிஷ்கள் குப்பையை அகற்றுவதற்காகப் பணம் கொடுக்க நேர்ந்தது. மேஹ்யூ எழுதிய காலத்திலேயே இம்மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1874இல் நாட்டிங்ஹாமில் குப்பையை எரிக்கும் முதல் உலை அமைந்ததும், 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் வீட்டுக் குப்பை அகற்றலை உள்ளாட்சியின் பணிகளுள் ஒன்றாக வகுத்ததும், கழிவை வணிகப் பண்டமாகக் கண்ட பார்வையை நோய்த்தடுப்புப் பார்வை வென்றதற்கு அடையாளங்களாகும்.

அடுத்த நூற்றாண்டில், மக்களே கழிவைக் கொண்டுவந்து போடும் மையங்களுக்கு வித்திட்டது 1967ஆம் ஆண்டின் குடிமை வசதிகள் சட்டம். பழைய மெத்தையையும் அலமாரியையும் தெருவோரம் எறியாதிருக்க, கட்டணமற்ற இடங்களை உள்ளாட்சிகள் அமைக்க வேண்டும் என அது விதித்தது. 1977இல் பார்ன்ஸ்லி நகரில் நாட்டின் முதல் கண்ணாடிப் புட்டிச் சேகரிப்புத் தொட்டி வைக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இம்மையங்களை நடத்தும் கடமையைக் கழிவு அகற்றல் அதிகார அமைப்புகளிடம் உறுதிப்படுத்தியதோடு, பணியை ஒப்பந்ததாரர் வழியே செய்விக்கும் முறையையும் வகுத்தது. குப்பையைப் புதைப்பதன் மீது 1996இல் டன்னுக்கு 7 பவுண்டாகத் தொடங்கிய வரி 2025இல் 126.15 பவுண்டாக உயர்ந்தமையால், பிரித்தெடுக்கப்பட்ட ஒவ்வொரு டன்னும் உள்ளாட்சி மன்றத்துக்கு மிச்சமாயிற்று.

எனவே இன்றைய ஒப்பந்தப்புள்ளியில், அதாவது போட்டியாளர்கள் தம் விலையையும் செயல்திட்டத்தையும் எழுதித் தரும் முறையில், பழைய கேள்வியே திரும்ப எழுகிறது: இரும்பும் காகிதமும் விற்ற வருவாய் யாருக்கு, அவற்றின் விலை சரிந்தால் இழப்பு யாருக்கு? குறைந்த தொகை கேட்டவருக்கே பணியைக் கொடுத்துவிட்டு இக்கேள்விக்கு விடை எழுதாத மன்றம், சந்தை சரியும் நாளில் பாரிஷ்கள் பட்ட பாட்டையே படும். ஒப்பந்ததாரர் மாறினாலும் தொழிலாளரின் ஊதியமும் பணி நிலைமையும் தொடர வேண்டும் என இன்று சட்டம் விதிக்கிறது. சல்லடைப் பெண்களுக்குக் கிடைக்காத அந்தக் காப்பே இந்த இருநூறாண்டுகள் ஈட்டிய முதன்மையான முன்னேற்றம். குப்பையின் விலை ஏறும், இறங்கும். அதைப் பிரிக்கும் கைகளின் மதிப்பு அதனோடு சேர்ந்து இறங்காதவாறு எழுதப்படுவதே நல்ல ஒப்பந்தம்.