வானத்தை மூடிய கம்பிகள்

அலுவலக மேசைக்கடியில் ஒருமுறையேனும் குனிந்து பார்த்தவர்கள் அறிவார்கள்: எந்தத் தொலைபேசிக்கு எந்தக் கம்பி என்று எவருக்கும் தெரியாத ஒரு சிக்கல் அங்கே படர்ந்து கிடக்கும். போனவரின் இணைப்பை அகற்றாமலே வந்தவருக்குப் புதிதாக ஒன்றை இழுத்துவிடுவது வழக்கம். நாங்கள் பணிபுரிந்த ஓரிடத்தில் அப்படியொரு சுவர்ப்பெட்டியைத் திறந்தபோது, உயிருள்ள கம்பி எது, செத்தது எது என்று பிரிக்கவே இரண்டு நாள் பிடித்தது. இந்தச் சிக்கல் ஒரு காலத்தில் ஊரின் தலைக்குமேல் தொங்கியது.

ஸ்டாக்ஹோம் நகரில் 1887இல் எழுந்த தொலைபேசிக் கோபுரத்தின் படங்களை நண்பர்களில் பலர் இணையத்தில் கண்டிருக்கலாம். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனிக்கம்பி. எல்லாம் கூரைகளுக்கு மேலாக வந்து இணைப்பகத்தின் உச்சியில் நின்ற அந்த இரும்புச் சட்டத்தில் கூடின. சுமார் 5,500 இணைப்புகள். பார்ப்பதற்கு ராட்சதத் தறியொன்றில் பாவு பூட்டியதுபோல் இருக்கிறது. கோபுரத்துக்கு அழகூட்டுவதற்காக 1890இல் நான்கு மூலைகளிலும் சிறு கோபுரங்களைச் சேர்த்தார்கள். மறைந்த வானத்துக்கு இது ஈடாகுமா என்ன!

கம்பிகளை மண்ணுக்குள் புதைத்திருக்கலாமே என்று நாம் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். ஆரம்பகால இணைப்புகளில் ஒற்றைக் கம்பிதான். திரும்பும் பாதையாகப் பூமியையே பயன்படுத்தினர். மின்சார டிராம்கள் வந்த ஊர்களில் அவற்றின் இரைச்சலெல்லாம் பூமிவழியே காதுக்குள் புகுந்தது. ஆகவே ஆளுக்கு இரண்டு கம்பி தேவைப்பட்டது. அவற்றை நெருக்கமாக ஒரே உறைக்குள் அடைத்தாலோ, ஒருவர் பேச்சு அடுத்தவர் கம்பியில் கசிந்தது. வணிகரின் ரகசியமும் வீட்டுச் சண்டையும் அயலார் செவிக்குப் போய்ச் சேரும் நிலை. இதற்கு மருந்து வியப்பூட்டுமளவு எளியது. இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் வெளியிலிருந்து வரும் தொந்தரவு இரண்டையும் ஏறத்தாழ சமமாகத் தாக்கும், எதிரெதிராகித் தணிந்துவிடும். கிரகாம் பெல் 1881லேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். முறுக்கிய இணைகளைக் காகிதத்தால் சுற்றி, ஈய உறையிட்டு மண்ணுக்குள் இறக்கும் முறை பிற்பாடு பரவியது.

1913இல் ஸ்டாக்ஹோம் கோபுரத்தின் வேலை முடிந்தது. வெறுமையாக நின்ற அது 1952இல் தீப்பற்றி, மறு ஆண்டு இடிக்கப்பட்டது.

தெருவின் சிக்கல் தீர்ந்தது. கட்டடத்துக்குள் இருந்தது தீரவில்லை. பிளாஸ்டிக் உறை வந்தபின் அமெரிக்கத் தொலைபேசித் துறை ஓர் வண்ண ஒழுங்கை வகுத்தது. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என ஐந்து; நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என இன்னோர் ஐந்து. முன்னதில் ஒன்றும் பின்னதில் ஒன்றுமாகச் சேர்த்தால் 25 இணைகள், ஒன்றுபோல் மற்றொன்று இராது. வெள்ளை-நீலம் முதலாவது, ஊதா-சாம்பல் கடைசி. எண்ணும் எழுத்தும் இல்லாமலே எண்ணிவிடலாம்.

எங்கள் பெட்டியைச் சீராக்க வந்த முதியவர் இந்த வரிசையை வாய்ப்பாடுபோல் முணுமுணுத்தபடியே பிரித்தார். இடையில் பேச்சுக் கொடுத்தால் மறுபடியும் வெள்ளை-நீலத்திலிருந்தே தொடங்குவார்.