லக்சபான வெளிச்சமும் மூழ்கிய மஸ்கெலியாவும்

லக்சபான என்பது எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு வினாவிடை. இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை யார்? டி. ஜே. விமலசுரேந்திர. முதலாவது பெரிய நீர்மின் நிலையம் எது? பழைய லக்சபான. புள்ளி கிடைக்கும், பாடம் முடியும். ஹட்டனில் பஸ் ஏறினால் காசல்ரீ, நோர்ட்டன் பிரிட்ஜ், மவுஸ்ஸாக்கலை என்று அத்தனையையும் ஒரு நாளில் பார்த்துவிட்டு வரலாம். கண்ணுக்கு முன்னால் கிடக்கும் இந்த வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நான் தமிழ் படித்தவன், பொறியியல் தெரிந்தவனல்ல. ஆனாலும் எரிசக்தி பற்றி நாட்டில் நடக்கும் பேச்சைக் கேட்கும்போது, மலையிலிருந்து பார்த்தால் இந்தக் கதை வேறு மாதிரி இருக்கிறதே என்று தோன்றியதால்தான் எழுதுகிறேன்.

மின்சாரத்துக்கு முன்பே மலையகத்தில் எரிசக்திப் பிரச்சினை இருந்தது. பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, காய வைத்தால்தான் அது தேயிலை. உருட்டுவதற்குச் சக்தி வேண்டும், காய வைப்பதற்குச் சூடு வேண்டும். முதலில் ஓடைத் தண்ணீரில் சுற்றும் சக்கரங்கள், பிறகு சிறு டர்பைன்கள், நீராவி என்ஜின், டீசல் என்ஜின் என்று ஸ்டோர்களில் ஒவ்வொன்றாக வந்தன. சூட்டுக்கு விறகு. அந்தக் காலத்து தேயிலைக் காய்ச்சி இயந்திரங்களில் பேர்போனது பெல்பாஸ்ட்டின் டேவிட்சன் செய்த 'சிரொக்கோ'. பாலைவனத்து அனல்காற்றுக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர் அது. கிழக்கைக் குறிக்கும் 'ஷர்க்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். குளிரில் நடுங்கும் இந்த மலைகளில், லயத்து ஆட்கள் அரபு வேர்ச்சொல் ஒன்றைத் தெரியாமலே நாளெல்லாம் உச்சரித்திருக்கிறார்கள்! விறகுக்காகக் காடு போனது. பிறகு அதே விறகுக்காக டர்பன்டைன் மரங்களை நட்டார்கள். ஸ்டோர்களில் சூட்டுக்கு இன்றும் விறகுதான் பெரிய துணை.

விமலசுரேந்திர காலியில் 1874இல் பிறந்தவர். அரசாங்கப் பொதுவேலைப் பகுதியில் பொறியியலாளராக இருந்தபோது நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளாக்பூல் என்ற இடத்தில் சிறு நீர்மின் நிலையம் ஒன்றைக் கட்டி நுவரெலியா நகரத்துக்கு வெளிச்சம் கொடுத்தார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மலையிலிருந்து விழும் வேகத்தை நாட்டுக்கான மின்சாரமாக்கலாம், வெளிநாட்டு எரிபொருளை நம்பி இருக்கத் தேவையில்லை என்பது அவருடைய வாதம். இன்று 'எரிசக்திப் பாதுகாப்பு' என்று பெரிய பெயரில் பேசப்படும் விஷயத்தை அவர் நூறு வருடங்களுக்கு முன்பே பேசியிருக்கிறார். 1920களில் வேலை தொடங்கியது. காசில்லை என்று நிறுத்தினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. உத்தியோகத்தை விட்டு, 1931இல் இரத்தினபுரியில் போட்டியிட்டு அரசாங்க சபைக்குள் நுழைந்து அங்கேயும் இதையே பேசினார். கடைசியில் லக்சபான மின்சாரம் ஓடியது 1950இல். அவர் 1953இல் காலமானார். கட்டுரை வாசித்ததற்கும் மின்குமிழ் எரிந்ததற்கும் இடையில் 32 வருடங்கள்! ஒரு நல்ல யோசனையைத் தாமதிப்பதில் நம் நாடு அன்றே தேர்ச்சி பெற்றிருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 1965இல் கெஹெல்கமு ஓயாவை மறித்த காசல்ரீயும் அதன் தண்ணீரில் ஓடும் விமலசுரேந்திர மின் நிலையமும் வந்தன. 1969இல் மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுஸ்ஸாக்கலை. அதே வருடம் பொல்பிட்டிய, 1974இல் புதிய லக்சபான, 1980களில் கெனியன். வடிவமைத்தபடி கணக்கிட்டால் ஐந்து நிலையங்களும் சேர்ந்து 335 மெகாவாட். அணையிலிருந்து இறங்கும் ஒரு துளி, எந்தக் கிளையால் போனாலும் மூன்று தடவை டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் களனி கங்கையில் சேர்கிறது. அதன் பிறகு கொழும்புக்குக் குடிதண்ணீராகவும் ஆகிறது. மலையில் பெய்யும் மழை தலைநகரத்தின் விளக்கிலும் குழாயிலும் இருக்கிறது. இதைக் கொழும்பில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

மவுஸ்ஸாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. இப்போதிருக்கும் மஸ்கெலியா பிறகு மேட்டில் எழுந்த ஊர். வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய ஊர் தலைகாட்டும். சண்முகநாதர் கோயிலின் சுவர், பௌத்த விகாரையின் எச்சம், நம்முடைய பள்ளிவாசலின் எச்சம். பத்திரிகைக்காரர் வந்து படம் எடுப்பார்கள், சனம் சேற்றில் இறங்கிப் பார்க்கும். மழை தொடங்கியதும் எல்லாம் மறுபடியும் உள்ளே போய்விடும். மூன்று சமயத்தாரும் பக்கத்துப் பக்கத்தில் கும்பிட்டும் தொழுதும் வாழ்ந்த ஒரு கடைத்தெரு அது. தோட்டத்து ஆட்களுக்கு அரிசி, புடைவை, மண்ணெண்ணெய் விற்ற முஸ்லிம் வியாபாரிகள் இல்லாத மலையக பஜார் உண்டா? சம்பள நாள் வரை கடன் எழுதிய கொப்பிகளும் அங்கேதான் இருந்திருக்கும்.

அந்தக் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியிருந்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்காகப் பிரித்து, இத்தனை இலட்சம் இந்தியாவுக்கு, இத்தனை இலட்சம் இங்கே என்று எழுதியது. அடுத்த வருடம் காசல்ரீ, ஐந்து வருடத்தில் மவுஸ்ஸாக்கலை. தேயிலைக் காணிகள் நீருக்கடியில் போன அந்த வருடங்களில், அந்தக் காணிகளில் உழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. அணை கட்ட வேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்பதற்கு ஒரு வழியே இருக்கவில்லை என்கிறேன். 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் திறக்கப்பட்டபோது நிலைமை மாறியிருந்தது. தோட்டக் கட்சிகள் எதிர்த்தன, சென். கிளயர் நீர்வீழ்ச்சிக்காகச் சூழலியலாளர் எழுதினார்கள், வருடக்கணக்கில் இழுபறி நடந்தது. திட்டம் நிற்கவில்லைதான். ஆனால் பேச்சாவது நடந்தது, இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வீடும் கிடைத்தது. வாக்குரிமை செய்யும் வேலை இது.

இன்னொரு விஷயம். உயர் அழுத்தக் கம்பிகள் தோட்டத்து மலைகளுக்கு மேலால் கொழும்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, கீழே லயங்களில் பல தசாப்தங்களாக எரிந்தது குப்பி விளக்கு. துரை பங்களாவிலும் ஸ்டோரிலும் கரண்ட், லயத்தில் மண்ணெண்ணெய்ப் புகை. வாப்பாவின் கடையில் பின்னேரம் போத்தலோடு வரிசையில் நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களில் சிலர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தார்கள். மின்சாரத்துக்கு அணை கட்டிய மாவட்டத்தில் நாங்கள் மண்ணெண்ணெய் விற்றுத்தான் பிழைத்தோம். இப்போது லயங்களுக்கும் கரண்ட் வந்துவிட்டது. ஆனால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பலகைக் காம்பராக்களில் பழைய வயர் இழுத்திருக்கிறார்கள். லயம் தீப்பற்றியது, மின்னொழுக்கு காரணம் என்று செய்தி வராத வருடம் இல்லை.

நீர் நம்முடையது, ஆகவே பாதுகாப்பானது என்ற நம்பிக்கை 1996இல் உடைந்தது. அதுவரை நாட்டு மின்சாரத்தில் மிகப் பெரும் பகுதி நீரிலிருந்துதான் வந்தது. அந்த வருடம் மழை பொய்த்தது. நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் வரை மின்வெட்டு. நான் சாதாரண தரத்துக்குப் படித்த காலம் அது, மெழுகுதிரி வெளிச்சத்தில் புறநானூறு விளங்கவில்லை. அதன் பிறகு அரசாங்கம் எண்ணெய் நிலையங்களின் பக்கம் ஓடியது. எண்ணெய் என்றால் டொலர், டொலர் என்றால் கடன். அடுத்தது நுரைச்சோலை. 2011இல் முதல் பகுதி, மூன்றும் முடிந்தபோது 900 மெகாவாட். மலையின் ஐந்து நிலையங்களையும் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். நிலக்கரி கப்பலில் வர வேண்டும். தென்மேல் பருவக்காற்று காலத்தில் அந்தக் கடலில் இறக்க முடியாது, அதற்குள் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சாம்பலும் தூசியும் யாருக்கு? கற்பிட்டிப் பக்கத்து மீனவருக்கும் மரக்கறி செய்பவருக்கும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் வந்து ஒதுங்கிய புத்தளம் மாவட்டம் அது. மன்னாரில் 2020இல் காற்றாலைகள் வந்தன. அங்கேயும் மீனவர் முறைப்பாடு, வலசைப் பறவைகளின் பாதை பற்றிய கவலை. குறையில்லாத எரிசக்தி ஒன்றும் கிடையாது. குறை யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. நீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்துடைய ஹதீஸ் ஒன்று அபூதாவூதில் இருக்கிறது. நீரும் நெருப்பும்தானே இன்றைய எரிசக்தி? நம் ஆலிம்கள் இதைப் பற்றி விரிவாக எழுதினால் நல்லது.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. எண்ணெய் வாங்க டொலர் இல்லை, வரட்சிக் காலமாதலால் நீர்த்தேக்கங்களிலும் போதிய நீர் இல்லை. சில நாட்களில் நோன்பு தொடங்கியது. மோட்டர் ஓடாமல் பள்ளியின் ஹவுழில் தண்ணீர் இல்லை, பிள்ளைகள் வாளியில் சுமந்து நிரப்பினார்கள். ஸஹர் சமையலுக்கு கேஸ் இல்லை, டவுன் வீடுகளிலும் விறகடுப்பு திரும்பி வந்தது. தோட்டத்து ஆட்கள் எங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், அவர்களுக்கு விறகு பழக்கமான ஒன்றுதானே. அதே வருடம் யுக்ரைன் யுத்தத்தால் ரஷ்யாவின் வாயுவை நம்பியிருந்த ஜெர்மனியே தடுமாறியது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தபோது அமெரிக்கா தடுமாறியது போல. பணக்கார நாடு வேறிடத்தில் வாங்கித் தப்பும், நாம் வரிசையில் நிற்போம்.

இதில் கொழுந்துக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு நாம் கொடுக்க வேண்டியிருந்தது 251 மில்லியன் டொலர். அதைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்பாடு ஆனது. பிறகு தேயிலை போகவும் தொடங்கியது. 1952இல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய ஒப்பந்தத்தின் சாயல் இதில் உண்டு. மலை, தண்ணீரைக் கொடுத்தது, காணியைக் கொடுத்தது, இப்போது எண்ணெய்க் கடனையும் கட்டுகிறது. இதைக் கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் சொன்னபோது ஒருவர், "எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் யாரு சேர் சொல்றா? கிலோ கணக்குத்தானே சொல்றாங்க" என்றார்.

விமலசுரேந்திரவைப் பற்றி எழுத ஆள் இருக்கிறார்கள். பழைய மஸ்கெலியாவைப் பற்றி இல்லை. அந்தப் பள்ளியில் தொழுதவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள், ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். நிக்காஹ் பதிவு, பள்ளி நிர்வாகக் கணக்கு, கடைக் கடன் கொப்பி, பழைய ஊரின் புகைப்படம் எதுவாவது உங்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடந்தால் ஆசிரியர் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மூலப்பிரதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.