தபால்காரரும் காளான்களும்

பீட்டர் என்ற முயலின் கதையை அறியாத ஆங்கிலக் குழந்தை அபூர்வம். அதை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மாளை நம்மவர்களிலும் பலருக்குத் தெரியும். ஆனால், முயலுக்குச் சட்டை மாட்டிப் பார்ப்பதற்கு முன்னால் பத்து வருஷ காலம் அவர் காளான்களைக் கண்ணும் கருத்துமாக வரைந்து கொண்டிருந்தார் என்பதும், அந்த வித்தையில் அவருக்கு வாய்த்த நல்ல ஆசான் ஒரு கிராமத்துத் தபால்காரர் என்பதும் அவ்வளவு பிரசித்தமல்ல. எனக்கு அந்த முயலைவிடத் தபால்காரர் பேரில்தான் பிரியம். ஆகையால் அவரை முதலில் சொல்லி விடுகிறேன்.

ஸ்காட்லாந்தில் பெர்த்ஷயர் பிரதேசத்தில் டே நதி ஓடுகிறது. அதன் கரையில் டன்கெல்ட் என்ற சிற்றூர், அக்கரையில் பிர்னம். 'மாக்பெத்' நாடகத்தில் காடே கிளம்பி நடந்து வருமே, அந்தக் காடு இங்கேதான். பக்கத்தில் இன்வர் என்று ஒரு குக்கிராமம். பதினெட்டாம் நூற்றாண்டில் நீல் கௌ என்ற மகா பிடில் வித்துவான் வாழ்ந்த ஊர் அது. அந்த ஊர்க்காரர்தான் சார்லஸ் மக்கின்டாஷ். பிறந்தது 1839-ல். இளம் வயதில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தபோது ரம்பத்தில் சிக்கி இடது கை விரல்களைப் பறிகொடுத்தார். விரல் போனவனுக்கு ஆலையில் என்ன வேலை? தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பையைச் சுமந்து, மழையிலும் பனியிலும் தினம் பல மைல் நடந்தார். ஒரே வழியில் நித்தியம் போய் வருகிறவனுக்கு இரண்டில் ஒன்றுதான் கதி: வழி அலுத்துப் போக வேண்டும், அல்லது வழியில் இருப்பதெல்லாம் உறவாகிவிட வேண்டும். மக்கின்டாஷுக்கு உறவாகிவிட்டது. பாறையில் படர்ந்த பாசி, ஓடைக்கரைப் பெரணி, உளுத்த கட்டையில் முளைத்த காளான் எல்லாவற்றையும் இனம் கண்டு வைத்தார். பெர்த் நகரத்து இயற்கை சாஸ்திர சங்கத்தார் அவருடைய ஞானத்தை அறிந்து ஆதரித்தார்கள். ஊராருக்கு மட்டும் அவர் கடைசிவரை 'சார்லி' தான்.

இனி அந்தப் பெண். 1866-ல் லண்டனில் பிறந்தவர். பாட்டனார் துணி அச்சடிக்கும் தொழிலில் குவித்த செல்வம் இருந்தது. தகப்பனாருக்கு பாரிஸ்டர் பட்டம் இருந்தும் தொழில் நடத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே ஆசிரியைகளை வைத்துக் கற்பித்தார்கள். தோழிகள் கிடையாது. தம்பியும், பெட்டிக்குள் வளர்த்த முயல், எலி, பல்லி வகையறாக்களும்தான் துணை. பிறர் படிக்கக்கூடாதென்று சொந்தமாக ஒரு ரகசிய எழுத்தை உண்டாக்கி, பதினைந்து வயது முதல் அதில் நாட்குறிப்பு எழுதினார். 1958-ல்தான் ஒருவர் பெரும்பாடுபட்டு அந்த எழுத்தின் சூட்சுமத்தை உடைத்தார். நமக்கு இந்தக் கதையில் பாதி தெரிய வந்தது அதனால்தான்.

1871 முதல் 1881 வரை பாட்டர் குடும்பத்தார் கோடைக்கு டன்கெல்டுக்கு அருகில் டால்கைஸ் மாளிகையை வாடகைக்கு எடுத்துத் தங்குவார்கள். அந்த மாளிகைக்குத் தபால் கொண்டு வந்தவர் மக்கின்டாஷ். நெட்டையாய், ஒல்லியாய், கூனிக்கொண்டு, தாடி காற்றில் பறக்க, எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துப் போகும் உருவம் அந்தச் சிறுமியின் மனத்தில் பதிந்திருந்தது. கடிதத்தைக் கொடுத்தார், போனார். மாளிகை வாசலில் அதற்கு மேல் பேச்சுக்கு இடமேது?

1892-ல் அந்தக் குடும்பம் மறுபடி அந்தப் பக்கம் வந்தது. பெண்ணுக்கு வயது இருபத்தாறு. காளான் படங்களாக வரைந்து குவித்திருந்தார். மக்கின்டாஷ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அவருக்குப் பின் வந்த தபால்காரர் சக்கர வண்டியில் போகிறாராம். வண்டியில் போகிறவனுக்குச் செடி கொடிகளின் பரிச்சயம் எங்கிருந்து வரும் என்ற பொருளில் பாட்டர் குறிப்பு எழுதியிருக்கிறார். கோடை முழுவதும் சார்லியோடு பேச முயன்று, கடைசியில் அக்டோபர் மாதம் அவரை வீட்டுக்கு வரவழைத்துப் படங்களைக் காட்டினார். வாய் திறக்காத மனிதர் காளான்களைப் பார்த்ததும் உற்சாகம் மேலிட்டுப் பேசினார். அவர் சொன்ன குறைகளும் மிகச் சரியாக இருந்தன. இருவரும் அசாத்தியக் கூச்சக்காரர்கள். நடுவே ஒரு காளானை வைத்தவுடன் இருவருக்கும் நாக்கு அவிழ்ந்தது.

அன்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். குளிர்காலத்தில் அவர் காட்டில் கிடைக்கும் காளான்களைப் பெட்டியில் வைத்து லண்டனுக்குத் தபாலில் அனுப்புவது. இவர் வரைந்து, பிரதி ஒன்றை அவருக்கு அனுப்புவது. காளான் பூவைப் போலக்கூடக் காத்திருக்காது. சுமார் 450 மைல் ரயிலில் வந்து சேர்ந்த பெட்டியைத் திறந்தவுடன் வர்ணத்தைக் கரைத்தாக வேண்டும்; மறுநாள் நிறம் கறுத்துவிடும், நாற்றமும் எடுக்கும். சீமான் வீட்டில் இந்தப் பெட்டிகளுக்கு என்ன வரவேற்பு இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

படம் அழகாயிருந்தால் போதாது என்று சொல்லிக் கொடுத்தவர் தபால்காரர்தான். குடையின் அடியில் மீனின் செவுள்போல் அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கின்றனவே, அவை காம்பைத் தொடுகின்றனவா, தொடாமல் நிற்கின்றனவா? காம்பு கெட்டியா, உள்ளே துளையா? நெடுக அறுத்துத் தனியாக வரைந்து காட்ட வேண்டும் என்று எழுதினார். தின்னலாமா, தின்றால் சாவா என்பதையே இம்மாதிரி அடையாளங்களைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். வெறும் நிறத்தை நம்பிக் கெட்டவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பாட்டர் அப்படியே செய்தார். அதன் பிறகு வரைந்த படங்களில் குறுக்கு வெட்டு, நெடு வெட்டு எல்லாம் இருக்கும்.

1893 செப்டம்பரில் டன்கெல்டில் தங்கியிருந்தபோது, பைன் மரக் காயைப்போல் கருஞ்செதில் அடர்ந்த அபூர்வமான காளான் ஒன்றை வரைந்தார். அது 3-ந்தேதி. மறுநாள், நோயுற்றுக் கிடந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு—தம் பழைய ஆசிரியையின் மகன்—படம் போட்டு ஒரு கடிதம் எழுதினார். அதுதான் பீட்டர் முயல். புத்தகமாகக் கடைக்கு வந்தது 1902-ல்.

நடுவில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். காளானின் குடை உதிர்க்கும் வித்துத்தூளைக் கண்ணாடித் தகட்டில் முளைக்க வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து வரையத் தொடங்கினார் பாட்டர். மண்ணுக்குமேல் தெரியும் குடை, மண்ணுக்குள் நூல் நூலாய் ஓடும் பெரிய ஜீவனின் ஓர் உறுப்புத்தான் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். அன்று முளையைக் கண்ணால் கண்டவர்கள் சொற்பம். ரசாயன சாஸ்திரியான அத்தையின் கணவர் ஹென்றி ராஸ்கோ 1896-ல் அவரைக் கியூ தோட்டத்துக்கு அழைத்துப் போனார். டைரக்டர் தைசெல்டன்-டையர் அலட்சியம் செய்தார். 1897 ஏப்ரல் 1-ந்தேதி லின்னியன் சங்கத்தில் அவருடைய கட்டுரையைச் சமர்ப்பித்தவர் கியூவைச் சேர்ந்த ஜார்ஜ் மாஸி. கூட்டத்துக்கு எழுதியவர் போகவில்லை. பெண்களுக்கு உள்ளே இடமில்லை. கட்டுரையைப் பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார். இன்று அது கிடைக்கவில்லை. பெண்களை அங்கத்தினராகச் சேர்க்க அந்தச் சங்கத்துக்கு 1904 வரை பிடித்தது. பாட்டரைச் சரியாக நடத்தவில்லை என்று ஒப்புக்கொள்ள 1997 வரை பிடித்தது.

இதை வைத்து, உலகம் தவறவிட்ட மகா விஞ்ஞானி என்று அவரைச் சிலர் கொண்டாடுகிறார்கள். அது அதிகம். ஜெர்மனியில் பிரெபெல்ட் என்பவர் அதற்கு முன்பே வித்துத்தூளை முளைக்க வைத்திருந்தார். ஆனால், முன்பே ஒருவர் செய்திருக்கிறார் என்பதை உட்கார வைத்துச் சொல்வது வேறு. வாசலிலேயே நிறுத்துவது வேறு. ஸ்தாபனங்களில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, அவரைச் சமானமாக நடத்தி, தவறைத் தவறென்று சொல்லித் திருத்தியவர் பள்ளிப் படிப்பு அதிகமில்லாத சார்லி.

பிறகு அவர் முயல் பக்கம் திரும்பினார். 1905-ல் ஏரிப் பிரதேசத்தில் பண்ணை வாங்கினார். 1913-ல் உள்ளூர் வக்கீல் ஒருவரை மணந்து, ஆடு வளர்க்கும் குடியானவப் பெண்மணியாகவே ஆகிவிட்டார். மக்கின்டாஷ் 1922-ல் காலமானார். 1943-ல் பாட்டர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலம் தேசிய பாதுகாப்பு அறக்கட்டளைக்குப் போயிற்று. காளான் படங்கள் ஆம்பிள்சைடு ஊர் நூல்நிலையத்துக்குச் சேர்ந்தன. 1967-ல் பின்ட்லே என்ற நிபுணர், காட்டுக் காளான்களைப் பற்றிய தம் புத்தகத்துக்கு அவற்றிலிருந்து 59 படங்களை எடுத்துக்கொண்டார். தபால்காரருக்கு அனுப்பிய படங்கள் பெர்த் நகரத்துக் காட்சிச் சாலையில் இருக்கின்றன.