வீட்டுத் தறிக்கூடம்

வீட்டுத் தறிக்கூடம் என்பது கைத்தறி நெசவாளர் தமது குடியிருப்பிலேயே தறியை நிறுத்தி நெய்வதற்காக அமைத்துக்கொள்ளும் வேலையிடம் ஆகும். திண்டுக்கல்–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டி, சிறுமலைக்கு மேற்கே சமவெளியில் அமைந்துள்ள சின்னாளப்பட்டி, கைத்தறியால் வளர்ந்த ஊர்களுள் ஒன்று. செயற்கைப் பட்டுச் சேலைகளுக்கும் சுங்குடிச் சேலைகளுக்கும் இவ்வூர் பெயர்பெற்றது. நெசவாளர் வீட்டின் அகலம், கூரையின் உயரம், சன்னலின் திசை ஆகியவை பெரும்பாலும் தறியை வைத்தே முடிவுசெய்யப்படுகின்றன. இதனால் வீடு மாற நேரும்போது தொழிலையே விட நேர்வதும் உண்டு.

இட அளவு

சேலையின் அகலம் ஏறத்தாழ 4 அடி. கயிற்றை இழுத்து நாடாவை ஓடச்செய்யும் தறியில், அச்சைத் தாங்கும் பலகையின் இருபுறமும் நாடா வந்து நிற்கும் பெட்டிகள் இருக்கும். அவற்றையும் சேர்த்தால் பலகை மட்டுமே 7 முதல் 8 அடி வரை நீளும். (இந்நாடா முறைக்கு 1733 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் கே காப்புரிமை பெற்றார்.) ஆகவே ஒற்றைத் தறிக்கு 10 அடி அகலமுள்ள கூடம் வேண்டும். நீளத்தைப் பொறுத்தவரை, பாவைப் பின்புற உருளையில் சுற்றிக்கொள்ளும் தறிக்கு 12 அடி போதுமானது. பழைய முறையில் பாவை நீட்டிக் கட்டி, அதன் கயிற்றைக் கூடத்தின் கோடியில் உள்ள தூணைச் சுற்றி நெய்பவரின் கைக்கு எட்டுமாறு திருப்பிக் கொண்டுவருவர். எழாமலேயே பாவைத் தளர்த்த இது உதவும். ஆனால் இதற்குக் கூடுதல் நீளம் தேவை.

தறிக்கு மட்டும் இடம் கணக்கிடுவது பலரும் செய்யும் பிழை. நாடாவுக்குத் தார் சுற்றும் இராட்டைக்கும், அதில் அமர்பவருக்கும் பக்கத்தில் இடம் விட வேண்டும். இவ்வேலையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே செய்கின்றனர்.

குழி

குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை இயக்குகிறார். குழியின் ஆழம் இரண்டு முதல் இரண்டரை அடி. மிதியை முழுவதும் அழுத்தும்போது முழங்கால் விறைக்காதவாறு, அமர்பவரின் கால் நீளத்தைக் கொண்டே ஆழத்தை முடிவுசெய்தல் நலம். நாள்தோறும் எட்டு, பத்து மணி நேரம் அமர வேண்டிய இடம் என்பதால், இதில் ஓரிரு அங்குலம் தவறினாலும் இடுப்பும் முதுகும் அதை உணரும்.

குழிக்கு முதல் பகை மழைநீர். திண்டுக்கல் சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது, மண்குழியில் ஊற்றெடுக்கும் நீர் வேலையை நிறுத்திவிடும். அந்நாட்களில் கூலியும் இல்லை. சுவர்களுக்குச் செங்கல் கட்டிச் சிமெண்டு பூசுவது ஓரளவே பயன்தரும். வீட்டின் அடித்தளத்தைத் தெருமட்டத்திலிருந்து இரண்டு அடி உயர்த்திவிட்டால் குழியின் அடிப்பகுதி ஏறத்தாழ நிலமட்டத்துக்கே வந்துவிடும். நீர் புகும் வாய்ப்பும் குறையும். கட்டும்போது மண் நிரப்பும் செலவு கூடினாலும், பின்னர் செய்ய இயலாத வேலை இதுவே. குழியின் ஒரு மூலையைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால், தேங்கும் நீரை முகந்து ஊற்றுவது எளிது.

நிலத்தின் ஈரம் முற்றிலும் கேடு என்று கொள்ள முடியாது. பருத்தி நூல் ஈரப்பதத்தில் வலுக்கூடும். பாவு அறுவது குறையும். செயற்கைப் பட்டாகப் பயன்பட்ட ரேயான் நூலோ நனைந்தால் வலுவிழக்கும். பருத்திக்கு உகந்த குழி, செயற்கைப் பட்டுக்கு மாறிய ஊரில் அதே அளவு உகந்ததாக இருக்க முடியாது.

மரச் சட்டகம்

தறியின் தூண்களும் குறுக்கு விட்டங்களும் நன்கு உலர்ந்த மரத்தால் அமைய வேண்டும். ஈரமரம் பின்னர் முறுக்கிக்கொண்டால் படமரம் ஒருபுறம் சாய்ந்து, துணியின் கரை நேராக விழாது. தூண்களை நாட்டும்போது இரு மூலைவிட்டங்களையும் கயிற்றால் அளந்து, அவை சமமாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். படமரத்தின் மட்டத்தை ரசமட்டம் வைத்துச் சரிபார்ப்பர். மண்ணில் புதையும் பகுதியைக் கறையான் அரிக்கும் என்பதால் தார் பூசுவதும், கல்தூணின் மீது மரத்தைப் பொருத்துவதும் உண்டு.

பூவேலைக்கு ஜக்கார்டு பெட்டி ஏற்றுவதாயின் உயரமும் கணக்கில் வரும். தறிக்கு மேலே பெட்டியும், அதிலிருந்து இறங்கும் நூல்களும், துளையிட்ட அட்டைத் தொடரும் அமைவதால் 10 அடிக்குக் குறையாத உயரம் தேவை. தாழ்ந்த ஓட்டுக்கூரையைப் பிரித்து உயர்த்திய பின்னரே பெட்டியை ஏற்ற முடியும்.

வெளிச்சமும் காற்றும்

அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிபோட, ஒளி பக்கவாட்டிலிருந்தோ பின்புறமிருந்தோ வர வேண்டும். எதிரே சன்னல் இருந்தால் கண் கூசும். கூரையில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகள் பதிப்பது மலிவான வழி. பனங்கை அடித்த ஓட்டுக்கூரை வெப்பத்தை ஓரளவு தாங்கும். தகரக் கூரையின்கீழ் கோடையில் நூல் காய்ந்து முறுகும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து புழுதியுடன் வீசுவதால் மேற்குச் சன்னலுக்குக் கதவு கட்டாயம்.

தெரு

பாவை நீளமாக விரித்துக் கஞ்சியிட்டுப் பாவாற்றுவதற்கு வீட்டில் இடம் இராது. நெசவாளர் தெருக்கள் அகலமாகவும் நேராகவும் அமைந்திருப்பதன் காரணம் இதுவே. இத்தகைய இடம் பாவடி எனப்படும். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் இவ்வேலை முடிந்துவிடும். வண்டிப் போக்குவரத்து மிகுந்த தெருக்களில் இப்பயன்பாடு சுருங்கிவிட்டது.

பிற நாடுகளில்

இங்கிலாந்தின் லங்காஷயரில் பருத்தி நெய்தோர், ஈரத்திற்காக வீட்டின் நிலவறையிலும் தறி வைத்தனர். யார்க்‌ஷயரில் கம்பளி நெய்தோர் வரிசைச் சன்னல்களுடன் மேல்மாடியில் வைத்தனர். பிரான்சின் லியோன் நகரில், 19 ஆம் நூற்றாண்டில் ஜக்கார்டு தறிக்கெனவே ஏறத்தாழ 4 மீட்டர் உயரமுள்ள வீடுகள் கட்டப்பட்டன. அங்கு நெசவாளர் குடும்பம் தறிக்கு அருகில் அமைத்த பரணில் உறங்கியது.

அரசுத் திட்டங்களும் இன்றைய நிலையும்

வீடும் கூடமும் ஒன்றே என்பதை இந்திய அரசு ஏற்று, ஏழாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1985–90) நெசவாளர்களுக்கு வேலைக்கூடத்துடன் கூடிய வீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்களுக்கான கட்டணமில்லா மின்சாரம் இரு மாதங்களுக்கு 100 அலகிலிருந்து 2016 இல் 200 ஆகவும், 2023 இல் 300 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதே 2023 இல் விசைத்தறிக்கு இது 750 இலிருந்து 1,000 அலகாயிற்று.

எனினும் சொந்த மனை இல்லாதவர் நிலை வேறு. வாடகை வீட்டின் தரையைத் தோண்ட உரிமையாளர் இசைவது அரிது. மாடி வீட்டில் குழிக்கே வழியில்லை. ஒருமுறை குழியை மூடித் தளக்கல் பதித்த வீட்டில் மீண்டும் தறி ஏறுவதும் அரிது. இத்தகையோருக்கு ஏற்றது மேடைத்தறி ஆகும். இதில் மிதிகள் தரைக்கு மேலேயே அமைவதால் குழி தேவையில்லை. சட்டகத்தை மரையாணிகளால் பூட்டிவைத்தால், வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம். ஆயினும் பலகையின் நீளம் குறையாது என்பதால், 10 அடி அகலமுள்ள அறை இதற்கும் தேவைப்படும்.