நெடுஞ்சாலையிற் பதிவான பெயர்வு

1930களில் ஐக்கிய அமெரிக்காவின் தென்சமவெளிக் குடியானவர்கள் கலிபோர்னியாவை நோக்கிப் பெயர்ந்தமைக்கு வரட்சியும் புழுதிப்புயலுமே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படும். இது பாதி உண்மையே. பொருளியற் பேராசிரியர் போல் ரெய்லரும் அவர் மனைவியாகிய புகைப்படக் கலைஞர் டொறதியா லாங்கும் மோட்டார் வண்டியில் ஊரூராகச் சென்று திரட்டிய சான்றுகள் மற்றப் பாதியைக் காட்டுகின்றன. 1938இல் ரெக்சாஸ் மாநிலத்துச் சில்ட்றஸ் மாவட்டத்தில் லாங் எடுத்த படமொன்றிற் புழுதிமேடுகள் இல்லை. நேர்த்தியாக உழப்பட்ட சால்களும் அவற்றிடையே ஆளற்ற வீடுமே உள்ளன. பருத்திப் பயிர்ப் பரப்பைக் குறைப்பதற்கென 1933 முதல் அரசு வழங்கிய பணத்தின் பெரும்பகுதி நிலவுடைமையாளரையே சேர்ந்தது. அவர்களிற் பலர் உழவு இயந்திரம் வாங்கினர், வாரக்குடிகளை வெளியேற்றினர். வெளியேறியோரின் பேச்சையும் படங்களோடு சேர்த்து இருவரும் 1939இல் நூலாக வெளியிட்டனர்.

ஆயினும் சாலைவழிச் செல்வோருக்கு அவசரமும் உண்டு. 1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணிப் பயிர் உறைபனியால் அழிந்த வேளை, லாங் ஒரு தாயைச் சில நிமிடங்களிற் படமெடுத்தார், பெயரைக் கேட்டாரல்லர். அப்படம் புழுதியால் விரட்டப்பட்டோரின் சின்னமாயிற்று. அத்தாய் புளோரன்ஸ் தொம்சன் என்பது 1978இலேயே வெளிவந்தது. செரோக்கி இனத்தவரான அவரோ, புயல்களுக்கு முன்பே, 1920களிற் கலிபோர்னியா வந்தவர். படத்தைப் பத்திரிகையிற் கண்டு உணவு அனுப்பப்பட்டபோது அக்குடும்பம் வேலை தேடி அப்பாற் சென்றுவிட்டது. உலகெங்கும் அச்சான அப்படத்தால் தமக்கு ஒரு சதமும் கிட்டவில்லை என்பது அவரது மனக்குறை.